பதினைந்தடிக் கயிறு

வடிவகணிதம் படிக்கும் பிள்ளைக்கு வரக்கூடாத சோதனை ஒன்று உண்டென்றால், கூடாரம் கட்டி வாடகைக்கு விடுகிறவருக்கு மகளாகப் பிறப்பதுதான். எனக்கு அது வாய்த்திருந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது, படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு. தங்கிப் படிக்கும் அறிவியல் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தோம். கணக்குத் தாளில் பாதிக்குப் பாதி முக்கோணம், வட்டம், உருளை, கூம்பு, பிரமிட் என்றிருந்தது. வீட்டிலோ அப்பா இருந்தார்.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி எங்களுடையது. வீட்டில் இருந்தது ஒரே மேசை. நான் புத்தகத்தை விரித்தால் போதும், அப்பா தேநீர்க் கோப்பையோடு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். கேள்வியைத் தமிழில் சத்தமாகச் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு நான் கணக்கைத் தொடங்குவதற்குள் அவர் வழக்கைத் தொடங்கிவிடுவார்.

"கூம்பு வடிவக் கூடாரம். ஆரம் ஏழு மீட்டர், உயரம் இருபத்து நாலு மீட்டர். எவ்வளவு துணி வேணும்னு கேட்டிருக்கான்."

"இருவத்து நாலு மீட்டரா? எட்டு மாடி பாப்பா அது! எவன் ஏறிக் கட்டுவான்?"

"யாரும் கட்ட மாட்டாங்கப்பா. இது கணக்கு."

"கட்டாத கெமாவுக்குத் துணி எதுக்குலா?"

மலாய் மொழியில் கெமா என்றால் கூடாரம். எங்கள் ஊரில் கல்யாணம், கருமாதி, திறப்பு விழா எதுவானாலும் வாசலில் கெமா இல்லாமல் நடக்காது. இருபது வருடமாக அதைக் கட்டிப் பிழைத்தவருக்கு, உலகத்தில் உள்ள எந்த வடிவத்தைக் கண்டாலும் வாயில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எங்க போவும்?" கனசதுரத்தைக் காட்டினால் மேலே தட்டையாக இருக்கிறதே, தண்ணி எங்க போவும் என்பார். நிமிர்ந்து நிற்கும் உருளையைக் காட்டினாலும் அதே கேள்வி. அரைக்கோளத்தை மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இது வேல தெரிஞ்ச ஆளு போட்ட கணக்கு" என்று பாராட்டினார். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். பொழுது விடிந்தால் இதே கூத்து. மனிதர் என் உயிரை வாங்கினார்.

அந்தப் பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்று நான் துடித்ததற்கு ஆய்வுக்கூடம், நூலகம் என்று ஊருக்குச் சொல்ல நல்ல காரணங்கள் இருந்தன. மெய்யான காரணம், அங்கே எனக்கென்று ஒரு மேசை இருக்கும், அதற்கு எதிர் நாற்காலி இருக்காது என்பது.

ஆனால் போகவிடாமல் குறுக்கே படுத்திருந்தது அதே வடிவகணிதம்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் டியூசன். அங்கே வைத்த முதல் மாதிரித் தேர்வில் வடிவகணிதப் பகுதியில் நாற்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். இரண்டாவது தடவை பதின்மூன்று. மற்ற பாடங்களில் எல்லாம் நன்றாக வாங்கிவிட்டு, ஒரு பிரமிட் படத்தைப் பார்த்ததும் எங்கே கோடு போடுவது என்றே தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் இரண்டு தாள்களையும் கசக்கித் தரையில் எறிந்தேன்.

"நான் எழுதப் போறதில்ல. எனக்கு இது வராது. போதும்!"

"வேணான்னா வேணாம்லா, இங்கயே படிக்கட்டும்" என்றார் அம்மா. நான் தூரமாகப் போவதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை.

அப்பா குனிந்தார். கசங்கிய தாள்களை எடுத்து மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நிமிர்த்தி என்ன ஆகப்போகிறது, மதிப்பெண்ணா கூடிவிடும்?

அந்த வாரம் பாயான் பாருவிலிருந்து ஒருவர் புது கெமா ஒன்று கேட்டு வந்தார். மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சனிக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டு வாசலுக்கு அளவெடுத்ததுபோல இருபத்து நான்கு அடிக்கு இருபத்து நான்கு அடி, பிரமிட் போலக் கூரான முனையோடு, சந்தன நிறத்தில் வேண்டும் என்றார். என் தேர்வும் அதே சனிக்கிழமைதான்.

அப்பா வழக்கமாகக் கட்டுவது இருபதடி கெமா. அதற்கு அவர் தலையை உடைத்துக்கொண்டதே இல்லை. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே சிமெண்டுப் பூப்பந்து ஆடுகளம் ஒன்று உண்டு. ஆடுகளத்தின் அகலம் சரியாக இருபதடி. துணியை வெள்ளைக் கோட்டோடு ஒட்டிப் போட்டு, பழைய கெமாவின் ஒரு பக்கத்தை அதன்மேல் விரித்து, ஓரத்தோடு ஓரமாக வெட்டிவிடுவார். அதுவும் துணியை நான்கு மடிப்பாகப் போட்டு ஒரே வெட்டு. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வந்துவிடும். மாலையில் பூப்பந்து ஆட வருகிறவர்கள் மட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்று திட்டுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே வெட்டுவார்.

இருபத்து நான்கு அடிக்கு ஆடுகளக் கோடும் உதவாது, மேலே போட்டு வெட்டப் பழைய துணியும் இல்லை. இரும்புக் குழாய்கள் மட்டும் பட்டறையிலிருந்து வந்து, நான்கு மூலையிலிருந்தும் சாய்ந்து மேலே ஒன்றாய்ச் சேரும்படி ஓரமாகப் பூட்டி நிறுத்தப்பட்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கீழேயிருந்து ஏறி வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"பாப்பா, நீ படிக்கிறதுதானே இது. பக்கம் இருவத்து நாலடி, முனை ஒம்பதடி ஒசரம். துணி எவ்ளோ நீளம் வரும்னு போட்டுச் சொல்லேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் தேர்வே வேண்டாம் என்றுவிட்டேனே, பிறகும் எதற்கு இந்த வம்பு? ஆனாலும் கையில் சோற்றோடு மனத்துக்குள் படத்தைப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கில் பாதி பன்னிரண்டு. உயரம் ஒன்பது. செங்கோண முக்கோணம். ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து! கண்ணெதிரே விளக்குப் போட்டதுபோல் விழுந்தது விடை. இரண்டு மாதமாக வராத ஒன்று, தாளும் இல்லாமல், பென்சிலும் இல்லாமல்.

"பதினஞ்சு அடி!"

"பதினஞ்சா?"

"பதினஞ்சு."

"மூலையிலேருந்தா?"

"அப்பா! பதினஞ்சுன்னா பதினஞ்சுதான். உங்களுக்குச் சொன்னா புரியாது. வாங்க, நானே வந்து காட்றேன்."

கையைக் கழுவிக்கொண்டு அவருக்கு முன்னால் நான் படியிறங்கினேன். அந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கீழே சந்தன நிறத் துணி நான்கு மடிப்பாக விரிந்து கிடந்தது. அப்பாவிடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கயிற்றில் பதினைந்தடிக்கு நானே அளந்து முடிச்சுப் போட்டேன். அண்ணன் ஒரு முனையைத் துணியின் இடது மூலையில் மிதித்துக்கொள்ள, மறுமுனையில் சுண்ணக்கட்டியைக் கட்டி நான் ஒரு வளைவு போட்டேன். பிறகு வலது மூலையிலிருந்து ஒன்று. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம்தான் கெமாவின் முனை. வகுப்பில் கவராயத்தால் முக்கோணம் வரைந்து பழகியதுதான்.

இவ்வளவும் நடக்கும்போது அப்பா துணியின் மேல்பக்கத்தில் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்.

"அங்க ஏம்பா உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க, துணி கசங்குது."

"கால் வலிக்குது பாப்பா. நீ போடு."

அண்ணன் துணியைப் பார்த்தார், ஓரத்தில் நின்ற குழாய்களைப் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் குட்டையா இருக்கற மாரி இல்ல?" என்றார். தேநீர் கொண்டுவந்த அம்மாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா பலமாகத் தொண்டையைச் செருமினார். அம்மா தட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

"கணக்கு சரிதான்" என்றேன் நான், தலையை நிமிர்த்தி.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வெட்டுலா" என்றார். அண்ணன் வெட்டினார். நான்கு மடிப்பும் ஒரே வெட்டில் போயிற்று.

அன்று மாலை நான் பிரமிட் கணக்குகளை மட்டும் இருபது போட்டேன். பதினேழு சரி. அப்பா எதிர் நாற்காலிக்கு வரவில்லை. எழுதப் போவதில்லை என்று சொன்ன வார்த்தையை நானும் மறந்துவிட்டேன், வீட்டில் யாரும் நினைவுபடுத்தவும் இல்லை.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது ஆடுகளத்தைச் சுற்றிக் கூட்டம். நான்கு துண்டையும் குழாய்களில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அட கடவுளே! எந்தத் துண்டும் முனைப் பக்கமே போகவில்லை. நான்கும் ஓரத்தில் குட்டை குட்டையாகத் தொங்க, நடுவில் நட்சத்திரம் போல ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக எங்கள் வீட்டுப் பால்கனி தெரிந்தது, அதில் காய்ந்த என் பள்ளிச் சீருடையும் தெரிந்தது. மட்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி எங்க போவும் அண்ணே?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "கயிறு நழுவிடுச்சு பாப்பா. நீ போனப்புறம் நான்தான் மாத்திப் புடிச்சு இன்னொரு தடவ வெட்டிட்டேன். உங்கணக்கு சரிதான். நீ மேல போய்ப் படி."

நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? படியேறும்போதே அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. முடிச்சுப் போட்டு, வளைவு போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போனதைக்கூட இந்த மனிதருக்குக் காப்பாற்றத் தெரியவில்லையே! அம்மாவிடம் போய் அதைச் சொல்லியும் காட்டினேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

கடையில் சந்தன நிறம் தீர்ந்துவிட்டிருந்தது. வெள்ளைத் துணிதான் கிடைத்தது. அப்பா புதிதாக வெட்ட, அம்மா இரண்டு நாளும் தையல் இயந்திரத்தைவிட்டு எழவில்லை. பாயான் பாருக்காரர் தொலைபேசியில் குரலை உயர்த்தினார். சந்தன நிறம் கேட்டால் வெள்ளையில் தருகிறீர்களே, நிச்சயதார்த்த வீடா, சாவு வீடா என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. அப்பா "மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

சனிக்கிழமை காலை என்னைத் தேர்வுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னவர், கெமா கட்ட லாரியில் ஏறிப் போய்விட்டார். நானும் அம்மாவும் பேருந்தில் போனோம். வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மகளின் தேர்வைவிட யாருக்கோ கட்டும் கெமா பெரிதாகப் போயிற்றா என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன்.

கணக்குத் தாளில் கடைசிக்கு முந்தின கேள்வி, பிரமிட். சதுரமான அடிப்பக்கத்தின் அளவும் உச்சியின் உயரமும் கொடுத்திருந்தது. மூலையிலிருந்து உச்சிக்குப் போகும் விளிம்பின் நீளம் என்ன?

பென்சிலை வைத்ததும் எப்போதும்போல் முதல் முக்கோணம் விழுந்தது. பக்கத்தின் நடுவிலிருந்து உச்சிக்குப் போகும் கோடு கிடைத்தது. அதையே விடையாக எழுதப்போனவள் நின்றேன். கேள்வி நடுவிலிருந்து அல்ல, மூலையிலிருந்து. மூலைக்குப் போக இன்னொரு முக்கோணம் போட வேண்டும்.

மூலையிலிருந்து.

"மூலையிலேருந்தா?" என்று அப்பா கேட்டது அந்த மண்டபத்தில், இருநூறு பேருக்கு நடுவில், என் காதுக்குள் கேட்டது. கூடாரத்தின் ஒரு பக்கம் என்பது ஒரு முக்கோணம். அதன் கீழ்க்கோட்டின் நடுவிலிருந்து முனைக்குப் பதினைந்தடி. மூலையிலிருந்து முனைக்குப் பத்தொன்பதடி சொச்சம். நான் சொன்ன எண் நடுவிலிருந்து போவது. கயிற்றை மிதித்தது மூலையில். கயிறு நழுவவே இல்லை. என் வளைவுப்படி வெட்டினால் அந்த ஓட்டைதான் விழும்.

கண்ணில் முட்டிய நீரைத் துடைத்துக்கொண்டு அந்தக் கணக்கை முடித்தேன். கடைசிக் கணக்கையும் முடித்தேன்.

தேர்வு முடிந்ததும் பாயான் பாருவுக்கே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கும்போது நல்ல மழை. வெள்ளைக் கெமா கூராக நின்றது. நான்கு பக்கமும் தண்ணீர் வழிந்து ஓட, உள்ளே ஒரு சொட்டு இல்லாமல் விருந்து நடந்துகொண்டிருந்தது. அப்பா ஓரத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, தப்பு என்னுதுதான். நான் நடுவுலேருந்து போட்டேன். நீங்க கேட்டீங்க, நான் கேக்கல."

"அதெல்லாம் இல்ல. நான்தான் கயித்த மாத்திப் புடிச்சேன். பரீச்ச எப்டி எழுதின?"

"நல்லா எழுதினேன். அப்பா, சொல்றதக் கேளுங்க, நீங்க மாத்திப் புடிக்கல…"

"சாப்புடு மொதல்ல. தண்ணி எங்க போவுது பாத்தியா?" என்று கூரையைக் காட்டினார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாவம், இவருக்கு இந்தக் கணக்கு ஒரு நாளும் விளங்கப்போவதில்லை, விளக்கிச் சொல்லி என்ன பயன் என்று மனத்துக்குள் இரக்கப்பட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன். அவருக்காக இரக்கப்பட்டேன்! இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

எனக்கு இடம் கிடைத்தது. விடுதிக்குப் போகும்போது என் இரும்புப் பெட்டிக்கு மழைபடாமலிருக்க அப்பா ஒரு உறை தைத்துக் கொடுத்தார். பாழான சந்தன நிறத் துணியில் மிச்சமிருந்ததை எடுத்துத் தைத்திருந்தார்.

இப்போது நான் பாயான் பாருவில் இயந்திர பாகங்களுக்குப் படம் வரைகிறேன். நாளெல்லாம் கன வடிவங்களைத் திரையில் சுழற்றிப் பார்ப்பதுதான் வேலை. போன மாதம் வீடு மாறும்போது அந்தப் பெட்டியை இறக்கினேன். உறையின் உள்பக்கத்தில், நீல மார்க்கரில், அப்பாவின் கையெழுத்தில் ஒரு குறுக்குக்குறி இருந்தது. பக்கத்தில் பத்தொன்பது அடி, இரண்டரை அங்குலம் என்ற எண். மூலையிலிருந்து முனைக்கு உள்ள சரியான அளவு. அது இரண்டாவது வெட்டிய வெள்ளைத் துணியில் இல்லை. முதலில் விரித்த சந்தன நிறத் துணியில் இருந்தது. அதாவது, நான் படியிறங்கி வருவதற்கு முன்பே அவர் குழாயில் கயிற்றைப் பிடித்து அளந்து, முனை விழ வேண்டிய இடத்தில் குறி போட்டு முடித்திருந்தார். முடித்துவிட்டுத்தான் மூன்று மாடி ஏறி வந்து என்னிடம் கேட்டிருக்கிறார். நான் கயிற்றோடு வந்ததும் அந்தக் குறியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவரிடமே கேட்டேன். "எந்த கெமா? எத்தனையோ வெட்டியிருக்கேன்லா, எதன்னு நெனப்பு வச்சுக்கறது" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அந்தக் குறியை நான் போன மாதம்தான் முதன்முதலில் பார்த்தேன் என்றும் சொல்லிவிட முடியாது. விடுதியில் முதல் நாளே பார்த்தேன். எண்ணையும் படித்தேன். அப்பா கிறுக்காத துணி எது என்று விட்டுவிட்டேன். மற்ற பெண்களின் பெட்டிகளுக்குக் கடையில் வாங்கிய பூப்போட்ட உறைகள். மகளுக்கு ஒரு புதுத் துணியில் தைத்துக் கொடுக்க இவருக்கு மனம் வரவில்லையே என்று எரிச்சலோடு அந்த எழுத்தை உள்ளே மடித்துவிட்டு, பெட்டியை யாருக்கும் தெரியாதபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.